'டெல் மீ' சரி, 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' ஏன் தப்பு?

கடலூர் முதுநகரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சரக்கு ஏன் தாமதம் என்று வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் 'தி டிரைவர் எக்ஸ்ப்ளெயின்டு மீ தட் தி ரோடு வாஸ் பிளாக்டு' என்று ஒரு வரி. மேலாளர் அதில் 'டு' சேர்த்து 'எக்ஸ்ப்ளெயின்டு டு மீ' என்று திருத்தினாராம். அடுத்த நாள் இவர் உஷாராக 'ஐ இன்ஃபார்ம்டு டு ஹிம் தட்' என்று எழுத, அந்த 'டு'வை மேலாளர் அடித்துவிட்டார். "ஒரு இடத்துல டு வேணும்ங்கறார், இன்னொரு இடத்துல வேண்டாம்ங்கறார். 'டோல்ட் மீ' சரியாம், 'செட் மீ' தப்பாம். இதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா, இல்ல ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ண வேண்டியதுதானா?" என்பது அவர் கேள்வி.

கணக்கு இருக்கிறது தம்பி. எல்லாச் சொல்லுக்கும் பொருந்திவிடாது. ஆனால் அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் சொற்களுக்குத் தாராளமாகப் போதும். மஞ்சக்குப்பத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலம், ஒருமை பன்மை எல்லாம் தெளிவாகத் தெரிந்த பிள்ளைகள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படிக்காமல் தப்பு செய்யவில்லை. வினைச்சொல்லின் அர்த்தத்தை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அது ஆளை எந்த இடத்தில் உட்கார வைக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் தமிழில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். என்னிடம் சொன்னான், எனக்கு விளக்கினான், எனக்குத் தெரிவித்தான், எனக்கு நினைவூட்டினான், என்னை எச்சரித்தான், என்னை நம்பவைத்தான். இடம், கு, ஐ என்று உருபு மாறிக்கொண்டே போகிறது. எந்த வினைக்கு எந்த உருபு என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, காதே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இந்த ஆறுக்கும் கையில் இருப்பது 'மீ' என்ற ஒரே சொல். 'எனக்கு' என்பதற்கும் அதுதான், 'என்னை' என்பதற்கும் அதுதான்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'அவனுக்கு' என்றால் 'ஹிம்', 'அவனை' என்றால் 'ஹினெ'. நம்மைப் போலவே இரண்டு வடிவம். பிறகு 'ஹினெ' வழக்கொழிந்துபோய் 'ஹிம்' இரண்டு வேலையையும் பார்க்க ஆரம்பித்தது. பழைய நாடகங்களில் 'மீதிங்க்ஸ்' என்று ஒரு சொல் வரும். அதில் உள்ள 'திங்க்' நினைப்பதைக் குறிக்கும் வினை அல்ல. 'தோன்று' என்ற பொருளுள்ள வேறொரு பழைய வினை. 'மீ' அங்கே 'எனக்கு'. ஆக 'எனக்குத் தோன்றுகிறது' என்று நாம் சொல்வது போலவே அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இந்த மொழி அவ்வளவு அந்நியம் இல்லை என்று தெரிந்த வெளிச்சம் அது.

சரி, உருபு போய்விட்டது. அப்படியானால் ஆள் 'எனக்கு'வா, 'என்னை'யா என்பதை இப்போது யார் முடிவு செய்வது? வினைச்சொல்தான். ஒவ்வொரு வினையும் எதன் மேல் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். விஷயத்தின் மேலா, ஆளின் மேலா? இதுதான் நான் சொல்லப்போகும் கணக்கு.

'எக்ஸ்ப்ளெய்ன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லத்தீன் மூலத்துக்குச் சமன் செய்வது, மேடு பள்ளம் இல்லாமல் ஆக்குவது என்று பொருள். சமவெளியைக் குறிக்கும் 'பிளெய்ன்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நாற்று நடுவதற்கு முன்னால் சேற்றில் பரம்பு அடிப்பார்களே, அந்த வேலை. பரம்பு நிலத்தின் மேல் ஓடும், நிலத்துக்காரர் மேல் ஓடாது. அதே மாதிரி 'எக்ஸ்ப்ளெய்ன்' விஷயத்தின் மேல் ஓடுகிறது. ஆள் பக்கத்தில் நின்று பயன் பெறுகிறவர். அவருக்கு 'டு' போட்டுத்தான் இடம் கொடுக்க வேண்டும். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று எழுதினால், சமன் செய்ய வேண்டிய விஷயமே நான்தான் என்று ஆகிவிடும்.

'இன்ஃபார்ம்' இதற்கு நேர் எதிர். அதற்குள் இருக்கும் 'ஃபார்ம்' என்பது உருவம். லத்தீனில் உருவம் கொடுப்பது, வடிவமைப்பது என்று பொருள். குயவர் மண்ணுக்கு உருவம் கொடுப்பதுபோல, செய்தியைக் கொண்டு ஒருவரின் மனத்துக்கு உருவம் கொடுக்கிறோம். வினை விழுவது ஆளின் மேல். அதனால் 'இன்ஃபார்ம் மீ', நடுவில் எதுவும் வராது. தமிழில் 'எனக்குத் தெரிவி' என்று கு வருகிறதே என்பதால்தான் நம் கை தானாக 'டு' போடுகிறது. உங்கள் மேலாளர் அடித்தது அந்தக் கு-வைத்தான்.

இந்தப் பார்வையோடு மற்ற சொற்களையும் பாருங்கள். 'கன்வின்ஸ்' என்பதற்குள் வெல்லுதல் இருக்கிறது, வெல்லப்படுவது ஆள். 'அஷ்யூர்' என்றால் ஒருவரைக் கவலை இல்லாதவராக ஆக்குவது, அதுவும் ஆளின் மேல். 'ரிமைண்ட்' என்பதில் 'மைண்ட்' வெளிப்படையாகவே தெரிகிறது, ஆளின் மனம். ஆகவே கன்வின்ஸ்டு மீ, அஷ்யூர்டு மீ, ரிமைண்டட் மீ. மறுபக்கம் 'சஜெஸ்ட்' என்பது கீழிருந்து ஒன்றை எடுத்து மேலே கொண்டுவந்து வைப்பது. வைக்கப்படுவது யோசனை, ஆள் இல்லை. 'மென்ஷன்', 'அனவுன்ஸ்', 'ரிப்போர்ட்', 'அட்மிட்', 'ப்ரபோஸ்' எல்லாமே விஷயத்தைக் கையில் எடுக்கும் சொற்கள். எல்லாவற்றுக்கும் ஆள் வந்தால் 'டு' வேண்டும். இங்கிலாந்துக்காரர் பேசும்போது இந்த வேர்களையெல்லாம் நினைத்துக்கொண்டு பேசுவதில்லை, பழக்கத்தில் வருகிறது. பிறகு வந்து சேரும் நமக்கு ஒரு பிடி வேண்டும். அதற்காகத்தான் வேர்.

வேர் தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது? அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 'தட்' போட்டு வரும் நீண்ட வாக்கியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இட்' என்ற சின்னச் சொல்லை வையுங்கள். 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்று வரும். 'இட்' வினையை ஒட்டி நிற்கிறது, ஆளுக்கு 'டு'. ஆகவே 'எக்ஸ்ப்ளெயின்டு டு மீ தட்'. அடுத்தது 'இன்ஃபார்ம் மீ ஆஃப் இட்'. இங்கே ஆள் ஒட்டி நிற்கிறார், விஷயம் 'ஆஃப்' பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது. ஆகவே 'இன்ஃபார்ம்டு மீ தட்'. 'ரிமைண்ட் மீ ஆஃப் இட்', 'கன்வின்ஸ் மீ ஆஃப் இட்', 'அஷ்யூர் மீ ஆஃப் இட்' எல்லாம் அதே வரிசை. 'மென்ஷன் இட் டு மீ', 'சஜெஸ்ட் இட் டு மீ', 'ரிப்போர்ட் இட் டு மீ' எல்லாம் 'எக்ஸ்ப்ளெய்ன்' வரிசை. நீண்ட வாக்கியத்தில் காது ஏமாறும். நாலு சொல்லில் ஏமாறாது. 'இன்ஃபார்ம் இட் டு மீ' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஓரளவு ஆங்கிலம் படித்த காதுக்கே எங்கோ இடிக்கும்.

இங்கே இரண்டு சந்தேகம் வரும். 'இட்' முன்னால் நின்றதே, 'தட்' வாக்கியம் மட்டும் ஏன் ஆளுக்குப் பின்னால் போகிறது? ஆங்கிலத்தில் நீளமானது கடைசிக்குத் தள்ளப்படும். 'இட்' இரண்டே எழுத்து, முன்னாலேயே நிற்கும். பத்துச் சொல் உள்ள வாக்கியத்தை முன்னால் வைத்துவிட்டு 'டு மீ'யை வாலில் கட்டினால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். நம் வாக்கியத்தில் இது தலைகீழ். 'ரோடு அடைத்திருக்கிறது என்று டிரைவர் என்னிடம் சொன்னார்' என்று 'என்று' வரைக்கும் உள்ள பெரிய மூட்டையை முதலில் இறக்கிவிட்டுத்தான் வினைக்கு வருவோம். அதனால்தான் 'டு மீ' எங்கே வரும் என்பது நமக்கு இயல்பாகப் பிடிபடுவதில்லை.

இன்னொரு சந்தேகம், 'இன்ஃபார்ம் மீ ஆஃப் இட்' என்பதில் இருந்த 'ஆஃப்' எங்கே போனது? 'தட்' வாக்கியத்துக்கு முன்னால் 'ஆஃப்', 'அபவுட்' போன்ற சொற்கள் நிற்காது, உதிர்ந்துவிடும். 'ஹி டோல்ட் மீ அபவுட் தட் ஹி இஸ் லீவிங்' என்று எழுதுகிறவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். 'அபவுட்' வேண்டுமானால் பின்னால் பெயர்ச்சொல் வரட்டும். 'தட்' வேண்டுமானால் 'அபவுட்' போகட்டும்.

இப்போது 'டெல்'. இது மூன்றாவது வகை, எனக்கு மிகவும் பிடித்தது. 'டெல்' என்ற பழைய சொல்லுக்கு எண்ணுதல் என்றும் பொருள் உண்டு. வங்கியில் பணம் எண்ணிக் கொடுப்பவரை 'டெல்லர்' என்கிறார்கள் இல்லையா, ஏ.டி.எம். என்பதில் நடுவில் இருக்கும் 'டி'யும் அந்த டெல்லர்தான். ஒருவர் கையில் ஒன்றொன்றாக எண்ணி வைப்பதுபோல விஷயத்தைக் கொடுப்பது 'டெல்'. கொடுப்பது என்று வந்துவிட்டால் வாங்குகிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். நன்னூல் நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது முதலில் வைப்பது கொடை. ஆங்கிலத்திலும் கொடுத்தல் வகை வினைகளுக்குத் தனிச் சலுகை உண்டு. 'கிவ் மீ எ பென்' என்பதுபோல ஆளையும் பொருளையும் 'டு' இல்லாமலேயே பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். 'டெல்', 'ஷோ', 'டீச்', 'ப்ராமிஸ்' எல்லாம் இந்தக் குடும்பம். 'தி டீச்சர் டோல்ட் அஸ் தட் தி இங்கிலீஷ் பாட் தி ஃபோர்ட் இன் 1690' என்று நம்மூர் புனித டேவிட் கோட்டையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால், 'அஸ்' என்பது 'எங்களுக்கு'. அந்தப் பழைய நான்காம் வேற்றுமை உருபு இல்லாமல் உயிரோடு நடமாடுகிறது.

'சே' மட்டும் ஏன் அப்படி இல்லை? 'சே' என்பது வாயிலிருந்து சொல் வெளிவருவதைக் குறிக்கிறது. யாரிடம் என்பது அதற்கு முக்கியமில்லை. 'சே இட் டு மீ' என்பதே சோதனைக்கு விடை. 'ஹி செட் டு மீ தட்' என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் அந்த இடத்தில் அவர்கள் பெரும்பாலும் 'ஹி டோல்ட் மீ தட்' என்பார்கள். ஆள் வேண்டாம் என்றால் 'ஹி செட் தட்'. நமக்கு இரண்டும் 'சொன்னான்'தான் என்பதால் குழப்பம்.

இதிலிருந்தே இன்னொரு பயன் கிடைக்கிறது. 'டு' கேட்கும் வினைகளில் ஆளை விட்டுவிடலாம். 'தி டிரைவர் எக்ஸ்ப்ளெயின்டு தட்', 'ஷி மென்ஷன்டு தட்' எல்லாம் முழு வாக்கியம். 'டு' கேட்காத வினைகளில் பெரும்பாலும் ஆளை விட முடியாது. 'தி டிரைவர் டோல்ட் தட்', 'ஷி இன்ஃபார்ம்டு தட்', 'ஹி கன்வின்ஸ்டு தட்' மூன்றும் நொண்டும். நாம் தமிழில் 'டிரைவர் சொன்னார்' என்று ஆளே இல்லாமல் நிறுத்திக்கொள்வதால், 'டோல்ட் தட்' என்பது நம் பக்கம் ரொம்பச் சகஜமான பிழை. 'ப்ராமிஸ்', 'ஷோ', 'டீச்', 'வார்ன்' ஆகிய நான்கும் விலக்கு. இவற்றுக்கு 'தட்' முன்னால் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 'டெல் தி ட்ரூத்', 'டெல் எ லை' என்று விஷயம் பெயர்ச்சொல்லாக வரும்போதும் ஆள் கட்டாயமில்லை.

நம் ஊர் சுற்றறிக்கைகளில் ஒரு வரி அடிக்கடி பார்ப்பேன்: 'இட் இஸ் இன்ஃபார்ம்டு தட் ஆல் ஸ்டாஃப்' என்று தொடங்கும். மேலே சொன்னது புரிந்திருந்தால் இதில் என்ன பிசகு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். 'இன்ஃபார்ம்' விழுவது ஆளின் மேல். செயப்பாட்டு வினையாக்கினால் முன்னால் வந்து நிற்க வேண்டியவர் அந்த ஆள். 'ஆல் ஸ்டாஃப் ஆர் இன்ஃபார்ம்டு தட்' என்றுதான் வர வேண்டும். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்றால் எதிர்ப்பக்கம். 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்டு தட்' தப்பு, 'இட் வாஸ் எக்ஸ்ப்ளெயின்டு டு மீ தட்' சரி. 'ஐ வாஸ் டோல்ட் தட்' சரி, 'ஐ வாஸ் செட் தட்' கிடையவே கிடையாது. அலுவலகக் கடிதத்தில் செயப்பாட்டு வினை அதிகம் என்பதால் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

'ஆஸ்க்', 'ரிப்ளை' இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'என்னிடம் கேட்டான்' என்று நமக்கு 'இடம்' வருவதால் 'ஆஸ்க்டு டு மீ' என்று எழுதுகிறோம். 'ஆஸ்க்டு மீ' போதும், பின்னால் 'வெதர்', 'வாட்', 'வென்' என்று கேள்விச் சொல் வரும். 'ப்ளீஸ் ரிப்ளை மீ' என்பது தப்பு, 'ரிப்ளை டு மீ' வேண்டும். ஆனால் 'ஆன்சர் மீ' சரி. இது ஏன் இப்படி என்றால் பழக்கம்தான், வேறு காரணம் தேட வேண்டாம்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. 'டு' விட்டுப்போனால் மொழி அழகு கெடும், செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இதில் செய்தியே மாறிவிடும். புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் உள்ள விருந்தினர் இல்லத்தில் என் மாணவி ஒருத்தி வரவேற்பு மேசையில் இருந்தாள். வாடகைக் காரை அனுப்புகிறவர் தொலைபேசியில் "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடறேன்னு சொல்லிடும்மா" என்றார். இவள் விருந்தினரிடம் சொன்னது: 'ஹி டோல்ட் மீ தட் ஐ வில் கம் அட் சிக்ஸ்.' அந்த அம்மாள் புரிந்துகொண்டது, இந்தப் பெண் ஆறு மணிக்கு வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போவாள் என்று. மறுநாள் வாசலில் கார் நிற்கிறது, ஆறே கால் வரைக்கும் அந்த அம்மாள் உள்ளே மேசைக்கு எதிரில் உட்கார்ந்து இவளுக்காகக் காத்திருக்கிறார். மாணவி வந்து என்னிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்திருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் 'ஐ' என்பது யார் என்று மாறிப்போயிருந்தது.

காரணம் நம் 'என்று'. 'என்று' என்பது 'என்' என்னும் வினையிலிருந்து வந்தது, 'என்' என்றால் சொல். அதனால் 'என்று' போட்டால் அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து வைக்கலாம். 'வந்துடறேன்னு சொன்னார்' என்றால் வருவது அவர்தான் என்று நமக்குச் சந்தேகமே வராது. ஆங்கில 'தட்' அப்படி அல்ல. அது சுட்டுச் சொல், 'அது' என்பதன் உறவு. 'தட்' போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் வரும் 'ஐ', 'யூ', 'ஹி' எல்லாம் இப்போது பேசிக்கொண்டிருப்பவரின் நிலையிலிருந்து கணக்குப் பார்க்கப்படும். அவள் சொல்லியிருக்க வேண்டியது 'ஹி டோல்ட் மீ தட் ஹி வுட் கம் அட் சிக்ஸ்'. 'ஹி செட், ஐ வில் கம்' என்று அவர் வார்த்தையை மேற்கோள் போல நிறுத்திச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பாள். 'தட்' போட்டதுதான் கோளாறு. இதைப் பயிற்சி செய்ய ஒரே வழி, வீட்டில் யாராவது தொலைபேசியில் சொன்ன செய்தியை ஆங்கிலத்தில் இன்னொருவருக்குச் சொல்லிப் பார்ப்பது. 'வரேன்', 'தரேன்', 'பார்க்கறேன்' என்று முடிகிற செய்திகளாகத் தேர்ந்தெடுங்கள்.

'தட்' முன்னாலும் பின்னாலும் ஒரே ஆள் வந்தால் வடிவம் மாறும் என்பதையும் கவனியுங்கள். 'ஷி டோல்ட் மீ தட் ஐ வாஸ் லேட்.' முன்னால் 'மீ', பின்னால் 'ஐ'. தட்டுக்கு முன்னால் அவர் வாங்குகிறவர், தட்டுக்குப் பின்னால் அவரே எழுவாய்.

அடுத்து 'சஜெஸ்ட்'. 'மை ஃபாதர் சஜெஸ்டட் மீ டு கோ' என்று எழுதாதவர் நம் பக்கம் குறைவு. 'இட்' சோதனை சொல்வதுபோல, யோசனைதான் அதன் செயப்படுபொருள், ஆள் இல்லை. ஆகவே 'மை ஃபாதர் சஜெஸ்டட் தட் ஐ கோ'. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'ஹி' வந்தாலும் 'கோஸ்' ஆகாது, 'வென்ட்'டும் ஆகாது, 'சஜெஸ்டட் தட் ஹி கோ' என்று மொட்டையாக நிற்கும். நடக்காத, நடக்க வேண்டிய ஒன்று என்பதற்கு அடையாளம் அது. பிரிட்டனில் 'ஷுட் கோ' என்றும் எழுதுவார்கள், அதுவும் சரி. ஆனால் 'சஜெஸ்ட்' என்பதற்குக் 'குறிப்பாகக் காட்டு' என்று இன்னொரு பொருள் உண்டு. தேவனாம்பட்டினம் கரையில் நின்றுகொண்டு 'தி கிளவுட்ஸ் சஜெஸ்ட் தட் இட் வில் ரெயின்' என்றால், மேகம் யோசனை சொல்லவில்லை, மழையைக் காட்டுகிறது. அங்கே காலம் வழக்கம்போல வரும். ஒரே சொல், ஒரே 'தட்'. பின்னால் வரும் வினையை வைத்துத்தான் எந்தப் பொருள் என்று தெரிகிறது. எனக்கு இது ஆங்கிலத்தின் மிக அழகான மூலைகளில் ஒன்று.

'வான்ட்' கதை வேறு. 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற நம் வாக்கியத்தை வைத்துக்கொண்டு 'ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்' என்று எழுதுகிறோம். 'வான்ட்' தட்டை ஏற்காது, 'ஐ வான்ட் யூ டு கம்'. 'ஹோப்' இதற்கு நேர் மாறு. 'ஐ ஹோப் யூ டு கம்' கிடையாது, 'ஐ ஹோப் தட் யூ வில் கம்'. 'எக்ஸ்பெக்ட்' இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் இதே இடத்தில்தான் சறுக்கும், தமிழால் ஒரு தரம், பிரெஞ்சால் ஒரு தரம். பிரெஞ்சில் 'சொன்னான்' என்றாலும் 'விளக்கினான்' என்றாலும் 'எனக்கு' என்ற சின்னச் சொல் வினைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், இரண்டுக்கும் ஒரே அமைப்பு. 'விரும்புகிறேன்' என்பதற்கும் பின்னால் அவர்களுடைய 'க' வரும், அது ஆங்கில 'தட்' செய்யும் வேலையைச் செய்வது. ஆனால் அவர்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. பிரெஞ்சில் 'அவனுக்கு' என்றால் 'லுய்', 'அவனை' என்றால் 'லெ' என்று இன்னும் தனித்தனி வடிவம் இருக்கிறது. 'விளக்கு'க்கு 'லுய்', 'இன்ஃபார்ம்' என்பதற்கு இணையான சொல்லுக்கு 'லெ'. அதனால் ஆள் எங்கே விழுகிறார் என்ற பேச்சை ஆரம்பித்தவுடன் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். நமக்கும் கு, ஐ இருக்கிறதே, நாமும் பிடிக்கலாம். ஆனால் தமிழில் எந்த உருபு வருகிறது என்று பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. 'நினைவூட்டு' நமக்குக் 'கு', 'ரிமைண்ட்' ஆங்கிலத்தில் 'ஐ' உருபு மாதிரி.

மனப்பாடம் வேண்டாமா என்று கேட்டீர்கள். அகராதி வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போகும் அகராதி இதற்குப் போதாது, அது அர்த்தத்தோடு நின்றுவிடும். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஆங்கிலத்தில் எழுதிய அகராதி வாங்குங்கள். அந்த வகை அகராதி வந்ததற்குக் காரணமே உங்களுடைய இந்தக் கேள்விதான். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே மாணவர்களுக்கு வினையின் அர்த்தம் தெரிந்தும் வாக்கியத்தில் வைக்கத் தெரியவில்லை. அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பதைக் குறித்துத் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. பிறகு பல பதிப்பு கண்டு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு அந்த வகை அகராதியில் ஒரு வினையைத் திறந்தால் 'ஒருவர்', 'ஒன்று' என்பதற்கான சுருக்கக் குறிகள் வினைக்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் வருவது ஆளா விஷயமா, நடுவில் 'டு' இருக்கிறதா என்று பாருங்கள். அர்த்தத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

'தட்' என்ற சொல்லையே விட்டுவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 'டெல்', 'சே', 'திங்க்' போன்ற அன்றாட வினைகளில் பேச்சில் தாராளமாக விடலாம், 'ஹி டோல்ட் மீ ஹி வாஸ் டயர்டு'. 'எக்ஸ்ப்ளெய்ன்', 'கம்ப்ளெய்ன்' போன்றவற்றோடு விடாதீர்கள், வாக்கியம் தொங்கும். மின்னஞ்சலில் எப்போதும் போட்டுவிடுவது நல்லது.

கடைசியாக உங்கள் மின்னஞ்சலுக்கே வருகிறேன். 'எக்ஸ்ப்ளெயின்டு டு மீ' என்று மேலாளர் திருத்தியது இலக்கணப்படி சரி. ஆனால் பெண்ணையாற்றுப் பாலத்துப் பக்கம் ரோடு அடைத்திருக்கிறது என்று டிரைவர் தொலைபேசியில் ஒரு வரி சொல்லியிருக்கிறார், அவ்வளவுதானே? அவர் எதையும் விளக்கவில்லை. ஏன் அடைத்தார்கள், எப்போது திறப்பார்கள், எந்த வழியாகச் சுற்றி வருகிறார் என்று சொல்லியிருந்தால்தான் அது 'எக்ஸ்ப்ளெய்ன்'. நானாக இருந்தால் 'டு' சேர்க்க மாட்டேன், வினையையே மாற்றுவேன்: 'தி டிரைவர் டோல்ட் மீ தட் தி ரோடு வாஸ் பிளாக்டு.' அதற்கு அடுத்த வரியில் வாடிக்கையாளருக்கு, 'வி வில் இன்ஃபார்ம் யூ அஸ் சூன் அஸ் தி லோடு ரீச்சஸ் தி போர்ட்' என்று எழுதி அனுப்புங்கள்.